ஒரே ஃபோல்டர்

புதன்கிழமை மாலை நான்கு மணிக்கு முத்துப்பாண்டி கடைக்குள் வந்தார். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வந்தார். அச்சுக்கடைக்குள் யாரும் செருப்பைக் கழற்றுவதில்லை. மூன்று நாளாக ஐ.சி.யூ. வாசலில் கழற்றிப் போட்ட பழக்கம்.

"தங்கச்சி, ஒரு போஸ்டர்," என்றார். "இன்னிக்கு அடிக்க வேணாம். செஞ்சு மட்டும் வச்சிரு."

ஆன்மேரிக்குப் புரிந்தது. கடை மதுரை கே.கே. நகரில், ஆஸ்பத்திரிகள் இருக்கும் தெருவில் இருந்தது. இப்படி வருபவர்கள் எல்லோரும் 'இன்னிக்கு வேணாம்' என்றுதான் ஆரம்பிப்பார்கள்.

"யாருக்குண்ணே?"

"எங்கண்ணனுக்கு. முத்துக்கருப்பன். எழுமலை."

அவள் நாற்காலியைக் காட்டினாள். அவர் உட்காரவில்லை.

உடல் ஊருக்குள் நுழையும்போது சுவரில் போஸ்டர் இருக்க வேண்டும். பிறகு ஒட்டினால் தம்பி தங்கச்சிகளுக்குப் பெயர் கெடும். எழுமலைக்குப் பஸ்ஸில் இரண்டு மணி நேரம். அதனால் சிலர் முன்கூட்டியே வருவார்கள். ஆன்மேரி இதுவரை ஆறு போஸ்டர்களை அப்படிச் செய்து வைத்திருக்கிறாள். நான்கு அப்படியே அச்சாயின. ஒன்றுக்குத் தேதி மாற்ற வேண்டியிருந்தது. ஆறாவது ஆள் பிழைத்துக்கொண்டார். மகள் கல்யாணப் பத்திரிகைக்கு இதே கடைக்கு வந்து, தாள் மட்டமாக இருக்கிறது என்று சண்டை போட்டார். அவருக்கு அந்தப் போஸ்டர் விஷயம் தெரியாது.

முத்துப்பாண்டி வாட்ஸப்பில் போட்டோவை அனுப்பினார். ஏதோ ஒரு விசேஷ வீட்டில் எடுத்தது. முத்துக்கருப்பன் வெள்ளைச் சட்டையில் நின்றார். பக்கத்தில் அவர் மனைவி, பச்சைப் புடவை.

"இவங்களை எடுத்திரணுமா?"

"எடுத்திரு. அண்ணன் மட்டும் போதும்."

"கீழ பேரு?"

அவர் ஒரு தாளை நீட்டினார். மச்சான்மார், சம்பந்தி, பங்காளிகள். யார் பெயர் முதலில் என்பதை அம்பு போட்டு இரண்டு முறை மாற்றியிருந்தார்.

"அண்ணி பேரு இல்லையேண்ணே?"

"பொம்பளைக பேரு எதுக்கு? இங்க ஓரத்துல என் போட்டோவப் போடு. இது வேணாம், இதுல கூலிங் கிளாஸ் போட்டிருக்கேன். நல்லா இருக்காது."

வேறு ஒன்றை அனுப்பினார்.

"மறைவு தேதி?"

முத்துப்பாண்டி கையால் முகத்தைத் துடைத்தார். "மெஷின்லதான் மூச்சு ஓடுது. நாளைக்குத் தாண்டாதுன்னுதான் எனக்குத் தோணுது. வியாழன் தேதியப் போட்டு வையி. மாத்துறதா இருந்தா போன் போடுறேன்."

அவள் பதினெட்டு என்று அடித்தாள்.

ஆன்மேரி இருபது வருடம் மிஷன் அச்சகத்தில் எழுத்துக் கோத்தவள். அவள் பழகிய தமிழ் எழுத்துருக்கள் பழைய சாஃப்ட்வேரில்தான் ஓடும். அந்தப் பழைய சாஃப்ட்வேர் புதிய கம்ப்யூட்டரில் ஓடாது. முதலாளி ஜூடு அதற்கு ஒரு வழி செய்திருந்தார். புதிய கம்ப்யூட்டருக்குள் ஒரு பழைய கம்ப்யூட்டர். திரையில் ஒரு சன்னலைத் திறந்தால் அதற்குள் இன்னொரு திரை, அதற்கென்று தனி வட்டு, தனிக் கடிகாரம். கையால் தொட அப்படி ஒரு கம்ப்யூட்டர் கிடையாது. கடையில் எல்லோரும் அதை 'உள்மெஷின்' என்றார்கள்.

உள்ளே செய்தது உள்ளேயே இருக்கும். வெளியே எடுக்க ஒரே ஒரு வாசல். ஒரு ஃபோல்டரை இரண்டுக்கும் பொதுவாக வைத்திருந்தார்கள். உள்மெஷினில் ஒரு கோப்பை அதில் போட்டால் வெளியே அதே பெயரில் தெரியும். பக்கத்து அறையில் அச்சு மெஷின் ஓட்டும் மலைச்சாமியின் திரையிலும் தெரியும். அவன் எடுத்து அடித்துவிடுவான். ஒருவரை ஒருவர் கேட்காமலே வேலை நடக்கும்.

முன்கூட்டியே செய்த போஸ்டர்களை அவள் பொது ஃபோல்டரில் போடுவதில்லை. உள்மெஷினின் வட்டில் 'இருக்கட்டும்' என்று ஒரு ஃபோல்டர் வைத்திருந்தாள். அது அவளுக்கு மட்டும் தெரியும்.

போன ஞாயிற்றுக்கிழமை உள்மெஷின் கெட்டுப்போனது. ஒரு வார வேலை போயிற்று. திங்களன்று ஜூடு உட்கார்ந்து திரும்ப நிறுவினார். எழும்போது பைக் சாவியைத் தேடிக்கொண்டே சொன்னார்:

"இனிமே பயமில்ல ஆன்மேரி. நீ உள்ள எங்க வச்சாலும் வெளியவும் இருக்கும். எல்லாத்தையும் ஷேர்ல போட்டுட்டேன்."

பத்திரமாக இருக்கும் என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

புதன்கிழமை நான்கே முக்காலுக்கு வேலை முடிந்தது. மனைவியை வெட்டி எடுத்த இடத்தில் முத்துக்கருப்பனின் தோளோரம் பச்சை கொஞ்சம் மிஞ்சியது. அதை நீக்கினால் தோள் வெட்டுப்பட்டது. விட்டுவிட்டாள். கோப்புக்கு 'முத்துக்கருப்பன் எழுமலை' என்று பெயர் வைத்தாள். 'இருக்கட்டும்' ஃபோல்டரில் வைத்தாள்.

முத்துப்பாண்டி திரையைப் பார்த்தார். கும்பிடப் போனவர் பாதியில் கையை இறக்கினார்.

"நல்லா இருக்கு," என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

மறுநாள் காலை பத்தரைக்கு மறுபடி வந்தார். இந்தமுறை செருப்போடு உள்ளே வந்தார். கையில் ஒரு பொட்டலம் மைசூர்பாகு.

"தங்கச்சி, அழிச்சிரு! அண்ணன் கண்ணு முழிச்சிட்டாரு. அண்ணி வெரலப் பிடிச்சாராம். நாலு நாளு தாண்டிட்டா தேறிரும்னு டாக்டரு சொல்றாரு."

"ஸ்தோத்திரம்," என்றாள் ஆன்மேரி.

"ஒருத்தருக்கும் தெரிய வேணாம், என்ன? நான் செய்யச் சொன்னது."

"யாருண்ணே சொல்லப் போறா?"

அவர் முன்னாலேயே உள்மெஷினைத் திறந்து அழித்தாள். அவர் குனிந்து பார்த்தார். ஃபோல்டர் காலியாக இருந்தது. சிரித்தார். அவர் சிரிப்பதை அவள் அப்போதுதான் பார்த்தாள். மேல்வரிசையில் ஒரு பல் இல்லை.

அவர் போன பிறகு மைசூர்பாகை எடுத்துக்கொண்டு பக்கத்து அறைக்குப் போனாள். மலைச்சாமி தாள் அடுக்கிக்கொண்டிருந்தான்.

"எதுக்குக்கா இனிப்பு?"

"எழுமலைக்காரர் ஒருத்தரு பிழைச்சிட்டாராம். தம்பி வாங்கிட்டு வந்தாரு."

"எழுமலையா?" மலைச்சாமி கையை நிறுத்தினான். "காலையில ஒரு எழுமலை அடிச்சேனே."

"என்ன எழுமலை?"

"கண்ணீர் அஞ்சலி. முத்துக்கருப்பன்னு. ஏழு மணிக்குக் கடையத் தொறந்தேன், ஃபோல்டர்ல கெடந்துச்சு. இன்னிக்குத் தேதி. நூறு அடிச்சு, ஒட்டுற சின்னான்கிட்டக் குடுத்து விட்டேன். ஆரப்பாளையத்துல எட்டு மணி பஸ்ஸப் பிடிச்சிருப்பான்."

அவள் பொட்டலத்தைத் தாள் அடுக்கின்மேல் வைத்தாள்.

"சாவுப் போஸ்டர்க்கா. கேக்காம அடிக்கணும்னு நீங்கதான சொல்லுவீங்க."

உண்மை. கடையின் விதி அது. செத்த வீட்டாரைக் காக்க வைக்கக் கூடாது. போன் செய்து எத்தனை, எப்போது என்று கேட்கக் கூடாது. ஃபோல்டரில் சாவுப் போஸ்டர் விழுந்தால் மற்ற வேலையை நிறுத்திவிட்டு அடிக்க வேண்டும். ஒட்டுகிறவன் அடுத்த பஸ்ஸில் போக வேண்டும். அந்த விதியை மலைச்சாமிக்குச் சொல்லிக்கொடுத்தவள் அவள்.

மலைச்சாமியின் திரையைப் பார்த்தாள். பொது ஃபோல்டருக்குள் அவளுடைய 'இருக்கட்டும்' இருந்தது. அவள் இப்போது அழித்ததால் அங்கேயும் காலியாக இருந்தது.

"இது எப்ப வந்துச்சு?"

"திங்கக்கிழமையிலருந்து தெரியுதுக்கா. நீங்க புதுசா வச்சிருக்கீங்கன்னு நெனச்சேன்."

சின்னானுக்குப் போன் போட்டாள். மணி அடித்து ஓய்ந்தது. இரண்டாம் முறையும் ஓய்ந்தது. ஒட்டும்போது அவன் எடுக்க மாட்டான். முழங்கை வரை பசை இருக்கும். நான்காவது முறை போட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்து நின்றாள். மலைச்சாமி பைக்கில் போகட்டுமா என்றான். போய்ச் சேரும்போது மணி ஒன்றாகும்.

பதினொன்றே காலுக்குச் சின்னான் கூப்பிட்டான்.

"என்னக்கா இத்தன தடவ? ஒட்டிட்டிருந்தேன்ல."

"எம்புட்டு ஒட்டுன?"

"இன்னும் ஒரு இருவது இருக்கும். பஸ் ஸ்டாண்டு முடிஞ்சது, பால் டிப்போ முடிஞ்சது, அவுக தெரு முடிஞ்சது. கூட்டம் வந்திருச்சுக்கா. நல்ல மனுசன் போலிருக்கு. ஒரு பொம்பள சுவத்துல முட்டி அழுகுது."

"சின்னான், அவரு சாகல."

அந்தப் பக்கம் ஒரு பஸ் ஹாரன் அடித்தது.

"என்னக்கா வெளையாடுறீங்களா?"

"எல்லாத்தையும் கிழிச்சிரு."

"சாவுப் போஸ்டரயா? பட்டப்பகல்ல, அவுக தெருவுலயா? கைய ஒடிச்சிருவாய்ங்கக்கா. நீங்க யாரையாச்சும் வந்து சொல்லச் சொல்லுங்க. நான் இங்க டீக்கடையில உக்காந்திருக்கேன். மிச்ச இருவதையும் ஒளிச்சு வச்சிக்கிறேன்."

ஆன்மேரி ஆஸ்பத்திரிக்கு நடந்தாள். ஐந்து நிமிட நடை. இரண்டாம் மாடியில், ஐ.சி.யூ. வாசலுக்கு எதிர்ச் சுவரோரம் முத்துப்பாண்டி நின்றார். கையில் போன் அடித்துக்கொண்டிருந்தது. எடுக்கவில்லை. நின்றது. உடனே மறுபடி அடித்தது.

"யாரு ஒட்டச் சொன்னது?" என்றார். குரல் மெதுவாக இருந்தது.

"உள்ள வச்சதுண்ணே. எனக்குத் தெரியாம வெளிய போயிருச்சு. ரெண்டு ஃபோல்டரும் ஒண்ணாயிருச்சு."

"என்ன சொல்ற?"

அவள் திரும்பச் சொன்னாள். சொல்லும்போதே அவருக்கு அது விளங்காது என்று தெரிந்தது.

"நான் ஊருக்கு வாரேண்ணே. கடைத் தப்புன்னு எல்லார் முன்னாலயும் சொல்றேன். கால்ல விழச் சொன்னாலும் விழுகுறேன்."

"கடைத் தப்புதான். போஸ்டர் செய்யச் சொன்னது யாருன்னு கேப்பாய்ங்கல்ல?" போன் அடித்தது. "அதுல என் போட்டோ இருக்கு. என் பேரு இருக்கு. உசுரோட இருக்கிற அண்ணனுக்குத் தேதி போட்டுக் குடுத்தவன் நான்."

அவர் போனைச் சட்டைப்பையில் போட்டார்.

"எங்கக்கா ரெண்டு பேரும் பஸ் ஏறிட்டாளுக. பந்தலு போடுறாய்ங்களாம். ஐஸ் பொட்டி வந்து எறங்கிருச்சாம். கொட்டுக்குச் சொல்லியாச்சாம்." அவர் தரையைப் பார்த்தார். "இனி போய் இல்லேங்கிறதா? நான் அந்த ஊருக்குள்ள நடக்க வேணாமா?"

"அண்ணே, அவரு முழிச்சிட்டாருல்ல. அத விட என்ன வேணும்?"

"நீ போ தங்கச்சி. நான் பாத்துக்கிறேன்."

படிக்கட்டில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். மடியில் தூக்குவாளி. போட்டோவில் இருந்த பச்சைப் புடவைக்காரி. அதே புடவையைக் கட்டியிருந்தாள். ஆன்மேரிக்கு வழிவிட ஒதுங்கினாள்.

"நீங்களும் யாரையாச்சும் சேத்திருக்கீங்களாம்மா?"

"இல்ல. சும்மா பாக்க வந்தேன்."

"எங்க வீட்டுக்காரரு இன்னிக்குத்தான் கண்ணு முழிச்சாரு. என் வெரலப் பிடிச்சாரு. இந்தா, இந்த வெரல." ஆள்காட்டி விரலை நீட்டினாள். "விட மாட்டேங்கிறாரு. நர்சம்மா வந்துதான் எடுத்து விட்டுச்சு."

ஆன்மேரி அந்த விரலைப் பார்த்தாள். களை பறித்துக் காய்த்த விரல்.

"நல்லாயிருவாரும்மா," என்றாள். இறங்கி வந்துவிட்டாள்.

பிறகு பல நாள் அந்த இடத்தை நினைத்துப் பார்த்திருக்கிறாள். படிக்கட்டில் வேறு யாரும் இல்லை. போஸ்டர் விஷயத்தைச் சொல்ல நான்கு வார்த்தை போதும்.

இரண்டு மணிக்கு ஆம்புலன்ஸ் ஒன்று தெருவைக் கடந்தது. பக்கத்து மருந்துக்கடை அழகுமலை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"எழுமலைக்காரரக் கூட்டிட்டுப் போறாய்ங்க," என்றார். "தம்பி கையெழுத்துப் போட்டாராம். டாக்டரு எம்புட்டோ சொல்லிப் பாத்தாராம். மெஷின எடுத்தா தாங்காது, நாலு நாளு பொறுங்கன்னு. கேக்கலையாம்."

"அவங்க வீட்டம்மா?"

"அதுக்கு என்ன சொன்னாய்ங்களோ. வாயில முந்தானைய வச்சு அமுக்கிட்டு ஏறிச்சு."

ஆன்மேரி முத்துப்பாண்டிக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. மறுபடி போடவில்லை.

மாலை ஆறரைக்குச் சின்னான் கூப்பிட்டான்.

"முடிஞ்சிருச்சுக்கா."

"எப்ப?"

"இப்பத்தான். ஆம்புலன்ஸ் மூணரைக்கு வந்துச்சு. தெரு முனையிலயே கொட்டு அடிக்க ஆரம்பிச்சுட்டாய்ங்க. எறக்கும்போது உசுரு இருந்துச்சுக்கா. நெஞ்சு ஏறி எறங்குச்சு. நான் பாத்தேன். எல்லாரும் பாத்தாய்ங்க."

"யாரும் ஒண்ணும் சொல்லலையா?"

"என்ன சொல்லுவாய்ங்க? கொட்ட மட்டும் நிறுத்துனாய்ங்க. உள்ள கொண்டு போய்ப் படுக்கப் போட்டாய்ங்க. அம்புட்டுப் பேரும் வெளிய பந்தல்ல உக்காந்து காத்திருந்தாய்ங்க. மாலையெல்லாம் வந்திருச்சு, தண்ணி தெளிச்சு நிழல்ல வச்சிருந்தாய்ங்க." சின்னான் குரலைத் தாழ்த்தினான். "உள்ளருந்து அந்தம்மா சத்தம் போட்டுச்சு. ஒடனே கொட்டு ஆரம்பிச்சிருச்சு."

ஏழு மணிக்கு முத்துப்பாண்டியிடமிருந்து அழைப்பு வந்தது. பின்னால் கொட்டுச் சத்தம். அவர் கத்திப் பேச வேண்டியிருந்தது.

"தங்கச்சி, வேற போஸ்டர் வேணாம். அதே இருக்கட்டும். தேதி சரியாத்தான் இருக்கு."

மறுநாள் ஜூடு இரண்டு ஃபோல்டரையும் பிரித்தார். அரை நிமிட வேலை. ஒரு பெட்டியில் இருந்த குறியை எடுத்துவிட்டார்.

"நான் அன்னிக்கே சொன்னேன்ல, எல்லாம் ஷேர்ல இருக்குன்னு," என்றார்.

"சொன்னீங்க."

"ஆஸ்பத்திரித் தெரு. கடைப் பேரு வெளிய வரக்கூடாது. எவன் கேட்டாலும், அவங்க சொன்னாங்க, நாம அடிச்சோம். அம்புட்டுத்தான். வேல வேணும்னா வாய மூடிட்டு இரு."

அவளுக்கு வேலை வேண்டும். அந்த எழுத்துருவில் வேலை செய்யும் கடை மதுரையில் இனி இரண்டோ மூன்றோதான் இருக்கும்.

பதினாறாம் நாள் கழிந்து ஐந்து நாள் ஆனபின் அந்தப் பெண் கடைக்கு வந்தாள். பச்சைப் புடவை இல்லை. நெற்றி வெறுமையாக இருந்தது. கையில் சுருட்டிய தாள். மேசையில் வைத்து விரித்தாள். சுவரிலிருந்து பிய்த்த போஸ்டர். பின்புறம் பசையும் சுண்ணாம்பும் ஒட்டியிருந்தன.

"கனகலட்சுமின்னு பேரு. எழுமலை," என்றாள். பிறகு ஆன்மேரியின் முகத்தைக் கூர்ந்து பார்த்தாள். "உங்கள எங்கயோ பாத்திருக்கேன்."

"ஆஸ்பத்திரியில."

"ஆமா. படியில." அவள் போஸ்டரைத் தொட்டாள். முத்துக்கருப்பனின் தோளோரத்தில் விரலை வைத்தாள். "இது என் சீலைம்மா. எங்க நாத்தனா மகளுக்குக் காது குத்துனப்ப எடுத்தது. நாங்க ரெண்டு பேரும் நின்ன போட்டோ வேற கெடையாது. கொழுந்தனாருகிட்டக் கேட்டா போன் மாத்திட்டேங்கிறாரு. உங்ககிட்ட இருக்குமா?"

முன்மேசையில் ஜூடு பில் புத்தகத்திலிருந்து நிமிர்ந்தார்.

"இருக்கும்," என்றாள் ஆன்மேரி.

வாடிக்கையாளர் அனுப்பும் போட்டோக்கள் வெளிமெஷினில் தனியாக இருந்தன. அவற்றை யாரும் அழித்திருக்கவில்லை. திறந்தாள். படத்தை மட்டும் பெரிதாகக் காட்டியிருக்கலாம். அவள் பட்டியலாகத் திறந்தாள். பெயர், பக்கத்தில் வந்த தேதி, வந்த நேரம். திரையைக் கனகலட்சுமியின் பக்கம் திருப்பினாள்.

"உங்க போட்டோ இதும்மா. இந்த வரி."

கனகலட்சுமி குனிந்தாள். எழுத்துக் கூட்டுவதுபோல் உதடு அசைந்தது.

"பதினேழுன்னு போட்டிருக்கு."

"ஆமா."

"பதினேழு புதன்கிழமை. அவரு செத்தது வியாழக்கிழமை."

"ஆன்மேரி," என்றார் ஜூடு.

"டாக்டரு கைய விரிச்சிட்டாருன்னு வியாழக்கிழமை மத்தியானம்தான் கொழுந்தனாரு வந்து சொன்னாரு. 'அப்பறந்தான் நான் கடைக்குச் சொன்னேன், கடைக்காரங்க அவசரப்பட்டு ஒட்டிட்டாங்க'ன்னாரு." அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "புதன்கிழமை சாயங்காலம் நாலு மணி. நான் உள்ள அவருக்குக் கால் அமுக்கிட்டிருந்தேன். டீ குடிச்சிட்டு வாரேன் மதினின்னு சொல்லிட்டுப் போனாரு."

"ஆன்மேரி, அந்தப் போட்டோவ பிரிண்ட் போட்டுக் குடுத்து அனுப்பு."

ஆன்மேரி எழுந்து தன் நாற்காலியை இழுத்துப் போட்டாள். கனகலட்சுமி உட்கார்ந்தாள்.

"டாக்டர் கைய விரிக்கலம்மா," என்றாள் ஆன்மேரி. "நாலு நாளு பொறுக்கச் சொன்னாரு. போஸ்டர் வெளிய போனது என்னால. அன்னிக்குப் படியில உங்களப் பாத்தப்பவே எனக்குத் தெரியும்."

ஜூடு எழுந்து வந்தார். மேசைக்கு அருகில் வந்ததும் நின்றுவிட்டார்.

கனகலட்சுமி அழவில்லை. ஆள்காட்டி விரலை மற்றொரு கையால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உள்ளே மலைச்சாமியின் மெஷின் ஓடத் தொடங்கியது. வேறு யாருக்கோ ஏதோ அச்சானது.

"மொதல்லருந்து சொல்லுங்க," என்றாள்.